எர்ணாவூருக்கு நடந்து போன பிக்னிக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு பிக்னிக் பிடிக்காது. வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டிய சோற்றை மணலில் பரப்பிவைத்துக்கொண்டு காக்காயோடு மல்லுக்கட்டுவதில் என்ன சந்தோஷமோ, இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைந்தும் எனக்கு விளங்கவில்லை. அப்படிப்பட்ட நான்தான் ஜூன் பன்னிரண்டாம் தேதி பிலிப்பைன்ஸ் நாட்டின் சுதந்திர தினத்துக்காக சி.எல். போட்டேன். எல்லாம் லூர்துவால் வந்தது.

லூர்து என் தம்பி நோயலின் மனைவி, பிலிப்பைன்ஸ்காரி. துபாயில் ஒரே சூப்பர் மார்க்கெட்டில் அவன் குளிர் அறையில் வேலை பார்த்தான், அவள் பேக்கரியில். கல்யாணம் முடித்து இராயபுரத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. தமிழை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. மீன் மார்க்கெட்டிலும் தண்ணி லாரி வரிசையிலும் படித்தாள். கணக்கு டீச்சராக இருந்தாலும் எனக்கும் கொஞ்சம் தமிழ் தெரியுமே என்று ஆரம்பத்தில் திருத்தப் பார்த்தேன். "அண்ணி, நீ பேசறது ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரியே கீது" என்றாள். அதோடு விட்டுவிட்டேன்.

வடசென்னை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஐந்து பேர்தான். லூர்து, எங்கள் பக்கத்துக் கப்பல்காரர்களைக் கட்டிக்கொண்டு வந்த இன்னும் மூன்று பெண்கள், மணலியில் வேலை பார்க்கும் வழுக்கைத்தலை இன்ஜினீயர் ஒருவர். வருடா வருடம் அந்த ஐந்து பேரும் எங்கள் மொட்டை மாடியில் கேக் வெட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். இந்த வருடம் அப்படி முடியவில்லை. லூர்துவின் ஒரே தம்பி ரமில் கப்பலில் வேலை செய்கிறான். புதுக் கார்களை ஏற்றிப்போகும் அந்தக் கப்பல் சரியாக ஜூன் பன்னிரண்டு காலையில் எண்ணூருக்கு வந்து, மறுநாள் விடிவதற்குள் கிளம்புகிறது. அதிலிருக்கிற பத்துப் பேருக்கு சாயங்காலம் ஆறு மணி வரை கரையில் இறங்க அனுமதி கிடைத்திருந்தது.

அக்காவும் தம்பியும் நேரில் பார்த்து ஆறு வருடம். கடைசியாக ஏர்போர்ட்டில் அவளை வழியனுப்ப வந்தபோது அவனுக்குப் பதினேழு வயசு, காத்தடித்தால் பறந்துவிடுவான் போல இருந்தானாம். இந்தத் தடவை விட்டால் அந்தக் கப்பல் மறுபடி இந்தப் பக்கம் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. "அண்ணி, நாலு மணி நேரம் போதும். என் கையால ஊட்டி வுட்டு அனுப்பிடுவேன்" என்று ஒரு மாதமாக என் காதைத் தின்றாள்.

ஏற்பாடு கல்யாண ரேஞ்சுக்குப் போனது. திருவொற்றியூரில் கடலை ஒட்டி நோயலின் சிநேகிதன் ஒருவனுக்குக் காலி மனை இருந்தது, வேப்பமரமும் இருந்தது. அங்கே பந்தல் போட்டோம். அவர்கள் ஊரில் விசேஷம் என்றால் முழுப் பன்றியை மூங்கிலில் கோத்து, தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை சுற்றிச் சுற்றிச் சுடுவார்களாம். அதையும் சுட்டோம். நோயல் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தான். மூலையில் தபால்தலை அளவுக்கு பிலிப்பைன்ஸ் கொடி, மீதி இடம் பூராவும் கை கூப்பி நிற்கும் எங்கள் சொந்தக்காரர்கள் முப்பத்தைந்து பேர். என் போட்டோ ரேஷன் கார்டிலிருந்து எடுத்தது. அதைப் பற்றி இன்னும் நான் அவனோடு பேசி முடிக்கவில்லை.

பேண்டுக்கு ஸ்டானிஸ்லாஸ். இராயபுரத்தில் கல்யாணம், தேர், அடக்கம் எதுவானாலும் அவருடைய பேண்டு செட்டுதான். பிலிப்பைன்ஸ் தேசிய கீதத்தைப் போனில் போட்டுக் கேட்டே பதினைந்து நாளில் பழகிவிட்டார். "மார்ச்சு தான் டீச்சர். பசங்க ஊதித் தள்ளிடுவானுங்க. இன்னிக்கு அது ஒண்ணுதான், வேற பாட்டே கிடையாது" என்றார் பெருமையாக. அந்தப் பெருமை என்ன பாடு படுத்தப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கப்பல்காரர்களை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு வரவேண்டிய வேன் ஒரு மணி ஆகியும் வரவில்லை. லூர்து ரோட்டுக்கும் பந்தலுக்கும் நடந்து நடந்து மணலில் பாதையே போட்டுவிட்டாள். ஒன்றரைக்கு லூர்துவுக்கு போன் வந்தது, ஸ்பீக்கரில் போட்டாள். பேசியவர் லியாகத் அலி. கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்காரர். கப்பல்காரர்களை எண்ணி இறக்கி, எண்ணிக்கை குறையாமல் திரும்ப ஏற்றுவது அவர் பொறுப்பு.

"மேடம், வள்ளூர் தாண்டி நல்லாத்தான் வந்துகினு இருந்தோம். எர்ணாவூர் மேம்பாலம் எறங்கினதும் நின்னவங்கதான், ஒரு அடி நகரல. மெட்ராஸ் ஹார்பர்ல கேட்ட மூடிட்டாங்களாம். கன்டெய்னர் ட்ரெய்லருங்க ஒரே வரிசையா நிக்குது. பக்கத்துல ரோட்ட வேற தோண்டிப் போட்டுகீறாங்க. ஒரே பேஜாரு."

"எறக்கி வுடு பாய். நடந்து வரட்டும். கிட்டதான்" என்றாள் லூர்து.

"ட்ரெய்லர் நடுவுல பத்துப் பேர நடக்க வுட்டு ஒருத்தனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? சுதந்திர தின பிக்னிக்னு எழுதி கையெழுத்து வாங்கிகினு வந்துகீறேன். போட்டோ காட்டணும். பிக்னிக் எங்க கீதோ அங்கதான் கதவு தொறக்கும். அஞ்சு மணிக்கெல்லாம் வண்டிய திருப்பிடுவேன். கோச்சுக்காத."

லூர்து போனைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலைப் பார்த்தாள், பன்றியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். முழுசாக இரண்டு விநாடி.

"அப்ப பிக்னிக் அங்க வரும் பாய்" என்றாள்.

சாமான் கொண்டுவந்த குட்டியானை வண்டி அடுத்த லோடுக்குப் போய்விட்டிருந்தது. கூப்பிட்ட ஆட்டோக்காரர்கள் பன்றியைப் பார்த்ததும் கியரை மாற்றினார்கள். சரி, இரண்டு கிலோமீட்டர்தானே, நடையைக் கட்டுவோம் என்று நாற்பது பேரும் கிளம்பினோம். முன்னால் கொடி, பின்னால் ஃப்ளெக்ஸைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். அதற்குப் பின்னால் நோயலும் இன்னொருவனும் தோளில் மூங்கிலோடு. காக்காய் கொத்தாமலிருக்க நோயல் பன்றியின் மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தியிருந்தான். அண்டாக்கள், வாழையிலைக் கட்டு, தண்ணீர் கேன் எல்லாம் ஆளுக்கொன்று.

இராயபுரத்துப் பேண்டுக்கு ஒரு குணம் உண்டு. கையில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு சும்மா நடக்க அவர்களுக்கு வராது, கால் எடுத்தால் ஊத வேண்டும். ரோட்டில் ஏறியதும் ஸ்டானிஸ்லாஸ் கையைத் தூக்கினார். தேசிய கீதம் கிளம்பியது. கிளம்பிய அதே நொடியில் லூர்துவும் மற்ற நான்கு பேரும் இருந்த இடத்திலேயே விறைத்து நின்று, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். கொடியைப் பிடித்திருந்தவர் அந்த இன்ஜினீயர்தான். கொடி நின்றதால் ஃப்ளெக்ஸ் நின்றது, பன்றியும் நின்றது. ஒரு நிமிடம் கழித்துக் கீதம் முடிந்தது. எல்லோரும் நகர்ந்தோம். ஆறு தப்படி நடந்திருப்போம், மறுபடி கீதம். மறுபடி நெஞ்சில் கை.

ஸ்டானிஸ்லாஸுக்கு வாயெல்லாம் பல். தன் வாசிப்பில் சொக்கிப்போய்த்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து, மூன்றாவது முறை இன்னும் உருக்கமாக, இழுத்து வாசிக்கவைத்தார். அவர்களோ கீதம் ஒலிக்கும்போது பேசவும் மாட்டார்கள். லூர்து ஆடாமல் அசையாமல் நின்றபடி கண்ணை மட்டும் உருட்டி உருட்டி என்னைப் பார்க்கிறாள், எனக்கானால் சிரிப்பு பீறிக்கொண்டு வருகிறது. ஐந்தாவது கீதம் முடிவதற்குள் மணி இரண்டே கால். நாங்கள் பந்தலிலிருந்து வந்திருந்தது மூன்று கரண்ட் கம்பம்.

கீதம் முடிந்ததுதான் தாமதம், லூர்து பாய்ந்தாள். "நைனா! உனுக்குப் புண்ணியமாப் போவட்டும், வேற பாட்டு எடு! இத வாசிச்சா எங்களால நடக்க முடியாது. என் தம்பி அங்க காத்துகினு கீறான்!"

"வேற இன்னா பாட்டும்மா? இதுக்காக பதினஞ்சு நாளா பசங்க மத்ததெல்லாம் தொடவே இல்ல" என்று தலையைச் சொறிந்தார் ஸ்டானிஸ்லாஸ். "கையில நிக்கிறது, நடக்கறதுக்கு ஏத்த மாதிரி... அடக்கத்துக்கு ஊதறது ஒண்ணு கீது. தூக்கத்துல எழுப்பினாலும் ஊதுவானுங்க."

"அத்த ஊது!"

இப்போது நடந்தோம், ஒழுங்காக, தாளத்தோடு. ஆனால் ரோட்டில் போகிறவர்களின் கண்ணுக்கு நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம்? அடக்க மேளம், கொடி, வரிசையாக முப்பத்தைந்து முகங்கள் போட்ட பேனர், தோளில் நீளமாக வெள்ளைத் துணி போர்த்திய ஏதோ ஒன்று. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார். நின்றிருந்த ட்ரெய்லர்களிலிருந்து டிரைவர்கள் இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள். டீக்கடைப் பெண்மணி சிலுவை போட்டுக்கொண்டார். சிரிப்பை அடக்கி அடக்கி என் தோள் குலுங்கியதைப் பார்த்து ஒரு டிரைவர், "அழாதீங்கம்மா, மனச தேத்திக்கோங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

மூன்று மணிக்கு வேன் கண்ணில் பட்டது. மேம்பாலம் இறங்கும் இடத்தில், இரண்டு ட்ரெய்லருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. கண்ணாடியில் பத்து மூக்குகள் அழுந்தியிருந்தன. பின்னால் நின்ற ட்ரெய்லரின் டிரைவர் அப்பாவு, வியாசர்பாடிக்காரர், ஐம்பது வயசிருக்கும். இரண்டு நாளாக அந்த வரிசையில் நகர்ந்துகொண்டிருக்கிறாராம். பயபக்தியோடு இறங்கி வந்து என்னிடம் கேட்டார்.

"யாருமா தவறினது?"

"பன்னி" என்றேன்.

அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் ட்ரெய்லர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் முன்னால் பின்னால் இருந்த டிரைவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

லியாகத் அலி இறங்கி, கொடியைப் பார்த்தார், பேனரை ஒரு எழுத்து விடாமல் படித்தார். "பிக்னிக்தான்" என்று ஒப்புக்கொண்டு போட்டோ எடுத்தார். "உங்களுக்குத் தனிச் சட்டியில நூடுல்ஸ் செஞ்சி எடுத்தாந்துகீறேன் பாய். பன்னி பக்கமே கொண்டுபோவல" என்று லூர்து தூக்குவாளியைக் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு வேன் கதவைத் திறந்தார்.

முதலில் ஒருவன் இறங்கினான். அடுத்து, கட்டுமஸ்தாக, மீசை வைத்த ஒருத்தன். லூர்து அவனைத் தாண்டி எட்டிப்பார்த்தாள். அவள் தேடியது பதினேழு வயசு ஒல்லிப் பையனை. மீசைக்காரன் அவள் முன்னால் நின்று, "ஆத்தே" என்றான். அவர்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். லூர்து அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அவன் தோளில் அடி அடி என்று அடித்தாள். எதற்கு இவ்வளவு வளர்ந்தாய் என்று அடித்ததாகப் பிறகு சொன்னாள். நான் கல்நெஞ்சக்காரி என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கியவள், புடவைத் தலைப்பைத் தேடினேன்.

அப்புறம் தேசிய கீதத்தை, வாசிக்க வேண்டிய இடத்தில், வாசிக்க வேண்டிய முறையில் ஸ்டானிஸ்லாஸ் வாசித்தார். இரண்டு ட்ரெய்லருக்கு நடுவே பதினைந்து பேர் நெஞ்சில் கை வைத்து நிற்க, என்ன ஏதென்று புரியாமல் டிரைவர்களும் பனியனோடு விறைப்பாக நின்றார்கள்.

ரோட்டின் நடுவிலிருந்த சிமெண்ட் தடுப்பின் மேல் வாழையிலையை நீளத்துக்கு விரித்தோம். சோறு, நூடுல்ஸ், பன்றிக்கறி, மாங்காய் எல்லாவற்றையும் ஒரே வரிசையாகக் கொட்டி, இரண்டு பக்கமும் நின்றுகொண்டு கையால் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். "என் எல எதும்மா?" என்று அப்பாவு கேட்டார். "அல்லாருக்கும் ஒரே எல தாண்ணா, கைய வெய்" என்றாள் லூர்து. வைத்தார். பீகார் டிரைவர் ஒருவரும் ஆந்திராக்காரர் இருவரும் கை வைத்தார்கள். போலீஸ்காரர்கூட ஒரு மாங்காய்த் துண்டை யாரும் பார்க்காதபோது எடுத்தார். அடக்கப் பாட்டையே வேகம் கூட்டி ஊத, ரமில் எங்கள் பேண்டுப் பையன்களோடு ஆடினான். வழுக்கை இன்ஜினீயர் ஆடினார். நானும் ஆடினேன் என்று நோயல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். கால் மரத்துப்போனதால் உதறினேன், அவ்வளவுதான்.

நாலு மணி அடித்துப் பத்து நிமிடம். முன்னால் எங்கோ ஒரு இன்ஜின் உறுமியது. அடுத்து இன்னொன்று. "கேட்டு தொறந்துட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். அதுவரை செத்துக்கிடந்த வரிசை உயிர் வந்து நகர ஆரம்பித்தது. மத்தியானம் முழுக்க இந்த ட்ரெய்லர் நகராதா நகராதா என்று மாதாவைத் தொல்லை செய்தவள் நான். இப்போது, மாதாவே, இன்னும் ஐம்பது நிமிடம் இப்படியே வைத்திரு என்று மாற்றிக் கேட்டேன்.

வேனுக்கு முன்னால் ரோடு காலியாகிக்கொண்டே போனது. லியாகத் அலி வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "மேடம், நாங்க நகரலன்னா பின்னாடி ஒருத்தரும் நகர முடியாது. முன்னாடி போய்ட்டா திரும்பறதுக்கு எடமே இல்ல, ஆறு மணிக்குள்ள கப்பலுக்குப் போய்ச் சேர மாட்டோம். இங்கியே இந்தத் தடுப்பு இடுக்குல இப்பவே திருப்பிடறேன். ஏறச் சொல்லுங்க."

லூர்துவின் கை தம்பியின் வாய்க்குப் பாதி வழியில் இருந்தது, விரலில் சோற்று உருண்டை. அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் கெஞ்சியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்பாவு தன் ட்ரெய்லரில் ஏறிவிட்டிருந்தார். காலியான ரோட்டைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். இன்ஜின் நின்றது. கீழே இறங்கி, சாவியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுப் பொத்தானும் போட்டுக்கொண்டார்.

"வண்டி ரிப்பேரு" என்றார்.

"இன்னாண்ணா ரிப்பேரு?" என்றான் நோயல்.

"தெர்ல. அஞ்சு மணிக்கு சரியாப் பூடும்."

"கேட்ட திரும்ப மூடிட்டா?"

"ரெண்டு நாள் கீறோம், மூணாவது நாள் இருந்துட்டுப் போறோம். நீ போய் துன்னுமா, சோறு ஆறுது."

பின்னால் மேம்பாலம் முழுக்க ஆரன் அலறியது. அவர்களுக்கு என்ன தெரியும் பாவம். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலத்தில் ஏறினேன். ஒவ்வொரு ட்ரெய்லர் கதவையும் தட்டினேன். முதல் நான்கு பேரிடம் நாகரிகமாகச் சொன்னேன். ஐந்தாவது ஆள் கேட்கவில்லை. "இன்னாய்யா சும்மா ஆரன் அடிச்சிகினு கீற? அக்காளும் தம்பியும் ஆறு வருசம் கழிச்சு ஒரு வாய் சோறு துன்னுகினு கீறாங்க, உனுக்கு அப்படி இன்னா அவசரம்?" என்று என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நானே அதிர்ந்தேன். பதினொன்றாவது ட்ரெய்லரோடு என் மூச்சு நின்றது. அதற்குள் சேதி என்னைவிட வேகமாக ஓடிவிட்டிருந்தது. பாலத்தின் மறுபக்கம்வரை ஒவ்வொரு இன்ஜினாக அடங்கியது.

நான் இறங்கி வந்தபோது லூர்து இன்னும் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் வயிறு நிறைந்து போதும் போதும் என்று தலையை ஆட்டுகிறான், இவள் விட்டால்தானே.

ஐந்து மணிக்கு லியாகத் அலி பத்துத் தலைகளை எண்ணினார். சரியாக இருந்தும் இன்னொரு முறை மெதுவாக, ரொம்ப மெதுவாக எண்ணினார். அதற்கு மேல் அவராலும் எண்ண முடியவில்லை. வேன் தடுப்பின் இடுக்கில் திரும்பி, எதிர்ப்பக்கம் ஏறி, பாலத்தை நோக்கிப் போனது. ரமில் ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே தொங்கிக் கையாட்டினான்.

வேன் அப்பாவுவின் ட்ரெய்லரைத் தாண்டியதும் அவர் ஆரனை ஒரு இழு இழுத்தார். அடுத்த ட்ரெய்லரை வேன் தாண்டியது, அதுவும் ஊதியது. அதற்கடுத்தது. யாரும் சொல்லித் தரவில்லை. வேன் கண்ணுக்கு மறைந்த பிறகும் அவன் எங்கே போகிறான் என்று எங்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

"பாலம் ஏறிட்டான்" என்றான் நோயல்.

"உச்சிக்குப் பூட்டான்" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"எறங்கறான்" என்றாள் லூர்து.

ஆரன் சத்தம் பாலத்துக்கு அந்தப் பக்கம் தேய்ந்துகொண்டே போனது. நாற்பது பேரும் மூச்சு விடாமல் நின்றோம். பின்னால் யாரோ தும்மினார்கள், எல்லோரும் திரும்பி முறைத்தோம். வள்ளூர் பக்கம் எங்கோ ஒன்று, கொசு ரீங்காரம் போல. அதற்குப் பிறகு காற்று மட்டும்தான்.

"அவ்ளோதான்" என்றான் நோயல்.

"இரு" என்றாள் லூர்து. என் கையைப் பிடித்தாள், அவள் விரலெல்லாம் சோற்றுப் பிசுக்கு. "இன்னும் கேக்குது. உனுக்குக் கேக்குதா அண்ணி?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஆமா லூர்து, எனக்கும் கேக்குது" என்றேன்.

அப்பாவு ட்ரெய்லரிலிருந்து தலையை நீட்டினார். "எடுக்கட்டா தங்கச்சி?"

"இருண்ணா" என்றாள் அவள்.

அவர் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.